மறு: ஹெபாட்டிக் என்செஃபலோபதிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

ஈரல் கெடும்போது மூளை தடுமாறும் ஹெபாட்டிக் என்செஃபலோபதி என்ற நோய்க்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்து வருகிறேன். இதுவரை வந்த சொற்களை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன்: கல்லீரல் மூளைநோய், கல்லீரல் மூளைச்சிதைவு, ஈரல் நஞ்சேற்றம், ஈரற்பித்து, கல்லீரல் மயக்கம். 'எதற்கு வம்பு, ஹெபாட்டிக் என்செஃபலோபதி என்றே எழுதிவிடலாம்' என்று இரண்டு பேர். நோயாளிகளுக்கான கையேடுகளையும் ஒப்புதல் படிவங்களையும் தமிழாக்குவது என் பிழைப்பு, அதனால் இந்தப் பேச்சு எனக்கு எப்படியும் வேண்டியதுதான். ஆனால் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அது இல்லை. இந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்து போயிருக்கிறது.

என் அத்தைக்குச் சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகும் நோய். குடியால் வந்ததில்லை; இருபது வருடச் சர்க்கரையும் கொழுப்பு படிந்த ஈரலும் சேர்ந்து கொண்டுவந்தது. அத்தை சிக்குக்கோலத்தில் தெருவுக்கே பேர்போனவர். புள்ளி வைத்துவிட்டால் கை தானாகப் போகும். நடுவில் எழுந்துபோய்ப் பால்காரருக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தாலும் விட்ட இடத்தில் கோடு சேரும். ஒரு மார்கழிக் காலையில் புள்ளிகள் ஏழுக்கு ஏழு ஒழுங்காக இருந்தன. கோடு மட்டும் மூன்றாம் வரிசையில் வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் நேராக வெளியே போய்விட்டது. அழித்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் அதே இடத்தில் வெளியே போனது. மாவுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். கண் மங்கிவிட்டது என்று நினைத்து மாமா புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்கினார். அதை வயசுக் கோளாறு என்று நினைத்தோம். பத்து நாள் கழித்து இன்றைக்கு என்ன கிழமை என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்த நிலையைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் கொடுக்கும் ஒரு சோதனையே ஏறக்குறைய புள்ளிக்கோலம்தான் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். தாளில் சிதறிக்கிடக்கும் 1 முதல் 25 வரையான எண்களை வரிசையாகக் கோட்டால் இணைக்க வேண்டும். எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பார்கள். எண் படிக்கத் தெரியாதவர்களுக்காக எண்களுக்குப் பதில் படங்களை இணைக்கும் சோதனையைச் சண்டிகர் மருத்துவர்கள் 1990களில் உருவாக்கினார்கள். எங்கள் வாசலில் அந்தச் சோதனை தினமும் நடந்திருக்கிறது, படிக்கத் தெரிந்தவர்தான் யாரும் இல்லை.

மருத்துவமனையில் நான்கே நாளில் அத்தை தெளிந்துவிட்டார். மலச்சிக்கலும் சிறுநீரில் ஒரு தொற்றும் சேர்ந்து கிளப்பிவிட்டது என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில், நல்லெண்ணத்தோடுதான், நோயின் பெயரைத் தமிழிலும் எழுதியிருந்தார்கள்: 'கல்லீரல் மூளைச்சிதைவு நோய்'. மாமா அதை வாசலில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார். "மூளையே சிதைஞ்சுபோச்சுன்னு எழுதியிருக்கு, இனிமே மருந்து எதுக்கு?" என்றார். லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்தைக் குடித்தால் நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போகும். அப்படிப் போகவேண்டும் என்பதற்காகத்தான் அதைக் கொடுப்பதே. 'சிதைந்த மூளைக்கு வயிற்றுப்போக்கு வேறயா' என்று அவர் அதை நிறுத்திவிட்டார். மூன்று வாரத்தில் மறுபடியும் ஆம்புலன்ஸ்.

மாமா மேல் எனக்குக் கோபம் இல்லை. தாளில் இருந்த சொல் சொன்னபடிதான் அவர் நடந்துகொண்டார். சிதைந்தது சேராது என்று தமிழ் தெரிந்த யாருக்கும் தெரியும்.

அதனால் என் வாதம் ஒன்றுதான். இந்த நோய்க்கு வைக்கும் பெயரில் 'நோயாளி பழைய நிலைக்குத் திரும்பலாம்' என்பது இருக்க வேண்டும்.

மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன். குடலில் புரதம் உடையும்போது அம்மோனியா உண்டாகிறது. குடல் பாக்டீரியாக்களும் உண்டாக்குகின்றன, குடலின் உள்சுவரும் உண்டாக்குகிறது. அது முழுக்க வாயிற்சிரை என்ற இரத்தக்குழாய் வழியாக ஈரலுக்குப் போகிறது. நல்ல ஈரல் அதை யூரியாவாக்கிவிடும். தழும்பேறி இறுகிய ஈரலுக்குள் இரத்தம் போக வழி இல்லாதபோது, அது பக்கவாட்டுச் சிரைகள் வழியாகச் சுற்றிக்கொண்டு பொது ஓட்டத்தில் கலந்துவிடுகிறது. அம்மோனியா அப்படியே மூளைக்குப் போய்ச் சேர்கிறது.

மூளையில் அதை எதிர்கொள்வது நரம்பணு இல்லை, பக்கத்திலிருந்து அதைப் பராமரிக்கும் நட்சத்திர வடிவ உயிரணு. அம்மோனியாவைக் குளுட்டமேட்டோடு சேர்த்துக் குளுட்டமினாக மாற்றும் நொதி மூளையில் பெரும்பாலும் இந்த உயிரணுவிடம்தான் இருக்கிறது. நஞ்சை அது தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறது. உள்ளே குளுட்டமின் சேரச் சேர அது தண்ணீரை இழுக்கும், உயிரணு வீங்கும். நாள்பட்ட நோயில் அது ஒரு தற்காப்பு செய்கிறது: தன்னிடம் இருக்கும் மயோ-இனோசிட்டால் என்ற பொருளை வெளியேற்றி வீக்கத்தைக் கொஞ்சம் தணித்துக்கொள்கிறது. காந்த அதிர்வு நிறமாலைச் சோதனையில் இது அப்படியே தெரிகிறது: குளுட்டமின் ஏற்றம், மயோ-இனோசிட்டால் இறக்கம். திடீரென்று ஈரல் செயலிழக்கும்போது இதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. அங்கே மூளை முழுவதும் வீங்கி, மண்டையோட்டுக்குள் இடமில்லாமல் அழுத்தம் ஏறி, உயிரே போகலாம். சிரோசிசில் வீக்கம் மெல்லியது. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாமலும் போகும்.

வீங்கியது வடியும். சிதைவு என்ற சொல் இங்கே தப்பு என்று நான் சொல்வது இதனால்தான்.

இனிப் பெயர்கள். இந்தத் துறையில் இதுவரை வைத்த பெயர்களின் கதை நமக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன், சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிரோசிஸ் என்பது நிறப் பெயர். 1819இல் லென்னெக் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஈரலின் பழுப்பு மஞ்சளைப் பார்த்துக் கிரேக்கச் சொல்லை எடுத்து வைத்தார். நோயின் உயிர்நாடியான தழும்பு அந்தப் பெயரில் இல்லவே இல்லை.

இன்னொன்று ஆளின் பெயர். 1912இல் ஃபோன் ஹோஸ்லினும் அலாய்ஸ் அல்சைமரும் ஈரலும் மூளையும் சேர்ந்து கெட்ட ஒரு நோயாளியின் மூளையில், வீங்கி வெளிறிய உட்கருவோடு இருந்த நட்சத்திர உயிரணுக்களை விவரித்தார்கள். இன்றுவரை அதற்கு 'அல்சைமர் 2ஆம் வகை' என்றுதான் பெயர். எல்லோரும் அறிந்த அல்சைமர் நோய்க்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு கையேட்டில் இதை அப்படியே எழுத்துபெயர்த்து வைத்திருந்ததைத் திருத்தும்போது, படிக்கும் மகனோ மகளோ என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் திக்கென்றது. எழுத்துபெயர்ப்பே போதும் என்ற இரண்டு நண்பர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அன்னியச் சொல் எல்லா நேரமும் வெற்றுப் பாத்திரமாக வருவதில்லை, சில நேரம் தப்பான பொருளோடு வருகிறது.

அதே 1912இல்தான் லண்டனில் கின்னியர் வில்சன் என்ற மருத்துவர், இளம் வயதில் கைகால் இழுத்துப் பேச்சுக் குழறி இறந்தவர்களின் மூளைக்குள் லென்ஸ் வடிவக் கரு சிதைந்திருப்பதையும் கூடவே ஈரல் சிரோசிசால் இறுகியிருப்பதையும் எழுதினார். உடம்பில் செம்பு சேர்ந்து வரும் வில்சன் நோய் அது. இரண்டு பெற்றோரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும் என்பதால், சொந்தத்தில் மணம் முடிக்கும் நம் குடும்பங்களில் குழந்தைக்குக் காமாலையோடு கைநடுக்கம் இருந்தால் கேட்டுப் பார்க்க வேண்டிய நோய். அங்கே சிதைவு என்ற சொல் பொருந்தும், வில்சனே தலைப்பில் அப்படித்தான் வைத்தார். அத்தைக்கு வந்தது அது இல்லை.

அப்புறம் நஞ்சு. 1877இல் நிக்கொலாய் எக் என்ற ரஷ்யர் நாய்களுக்கு வாயிற்சிரையை ஈரலுக்குள் போகவிடாமல் நேராகப் பெருஞ்சிரையோடு இணைத்தார். 1893இல் பாவ்லோவின் குழு அதையே செய்து கவனித்தது: இறைச்சி தின்ற நாய்கள் தள்ளாடின, மூர்க்கமாயின, கண் தெரியாததுபோல முட்டிக்கொண்டன, மயங்கி விழுந்தன. 'இறைச்சி நஞ்சேற்றம்' என்று பெயர் பரவியது. கவனிப்பு சரி. ஆனால் புரதமே நஞ்சு என்ற எண்ணம் பின்னால் வந்த மருத்துவத்தில் பல பத்தாண்டுகள் தங்கிவிட்டது. ஏற்கெனவே தசை வற்றிய நோயாளிகளைப் பருப்பும் முட்டையும் தராமல் இன்னும் வற்றவைத்தார்கள். இப்போதைய அறிவுரை நேர்மாறு: உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும், இரவில் நெடுநேரம் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது. அம்மோனியாவைப் பிடித்து வைப்பதில் தசையும் ஈரலுக்குத் துணை. 'ஈரல் நஞ்சேற்றம்' என்ற பரிந்துரைக்கு என் மறுப்பு இதுதான். அந்தச் சொல்லைப் படிக்கும் வீட்டில் முதலில் நிறுத்துவது சாப்பாட்டைத்தான்.

1954இல் ஷீலா ஷெர்லக் என்ற ஈரல் மருத்துவரும் கூட்டாளிகளும் வைத்த பெயர் வழியைச் சொன்னது: வாயிற்சிரை இரத்தம் பொது ஓட்டத்துக்குள் கசிந்து வரும் மூளைநோய் என்று. நுட்பமான பெயர், நோயாளிக்குப் புரியாத பெயர்.

ஈரற்பித்து என்று எழுதிய ஐயாவுக்கு: படித்ததும் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஈரலில் சுரப்பது பித்தம். 'பித்தம் தலைக்கேறிடுச்சு' என்று நம் பாட்டிமார் சொல்லாத நாள் இல்லை. ஈரலையும் புத்தியையும் முடிச்சுப் போடும் சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது என்ற உங்கள் கருத்து மிகச் சரி. ஆனால் ஏறுவது பித்தம் இல்லை. பித்து என்று தாளில் எழுதிவிட்டால் வீடு கோடங்கியிடம் போகும், அல்லது மனநல மருத்துவரிடம் போகும். ஈரல் மருத்துவரிடம் கடைசியில்தான் வரும். மூளைநோய்க்கும் இதே சிக்கல்தான். தமிழ்நாட்டில் 2008க்குப் பிறகு உடலுறுப்புக் கொடையால் 'மூளைச்சாவு' என்ற சொல் சிற்றூர் வரை போய்விட்டது. மூளை என்று தொடங்கி இடிபோல ஒரு சொல் பின்னால் வந்தால் சனங்களுக்கு இப்போது அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

கல்லீரல் மயக்கம் நல்ல சொல். இலேசான தடுமாற்றம் முதல் நினைவு தப்புவது வரை எல்லாவற்றையும் மயக்கம் தாங்கும், இந்த நோயும் அப்படித்தான் படிப்படியாகப் போகிறது. வெஸ்ட் ஹேவன் என்ற அளவுகோலில் முதல் படியில் தூக்கம் புரளும், கவனம் நிற்காது, இரண்டில் நாள் கிழமை குழம்பும், மூன்றில் இடமே தெரியாமல் தூங்கி விழுவார், நான்கு ஆழ்மயக்கம். ஆனால் நம் ஊரில் 'மயக்கமா இருக்கு' என்றால் தலைசுற்றல். சோடா உடைத்துக் கொடுப்பார்கள். கோலம் தப்பியபோது அத்தை மயங்கவில்லை.

என் பரிந்துரை: ஈரல்சார் மூளைக்கலக்கம்.

கலக்கம் என்பது தண்ணீருக்குச் சொல்வது. குளம் கலங்கும், அடி தெரியாமல் போகும். ஆனால் குளம் குளமாகத்தான் இருக்கிறது. கலங்கியது தெளியும். 'புத்தி தெளிந்துவிட்டது', 'மயக்கம் தெளிந்தது', 'தெளிவாகப் பேசுகிறார்' என்று நாம் தினமும் சொல்வதெல்லாம் அந்தக் குளத்திலிருந்து வந்ததுதான். நோய்க்குக் கலக்கம் என்று பெயர் வைத்தால் குணத்துக்குத் தெளிவு என்ற பெயர் தானாக வந்துவிடுகிறது. இரண்டாவது நன்மை, கலக்கத்துக்குக் கலக்குகிறவர் ஒருவர் வேண்டும். 'எது கலக்கியது?' என்று வீட்டாரே கேட்பார்கள். மருத்துவர் முதலில் தேடுவதும் அதைத்தான்: மலச்சிக்கலா, தொற்றா, உணவுக்குழாயில் இரத்தக்கசிவா, நீர்மாத்திரை கூடிவிட்டதா, தூக்கமாத்திரை கொடுத்துவிட்டார்களா.

கல்லீரல் என்று முழுசாக எழுதாமல் ஈரல் என்று விட்டதற்கும் காரணம் உண்டு. மண்ணீரல், நுரையீரல் இருக்கும்போது குழப்பம் வராதா என்று கேட்பீர்கள். கறிக்கடையில் 'ஈரல் கால் கிலோ' என்றால் யாரும் எந்த ஈரல் என்று கேட்பதில்லை; மண்ணீரல் அங்கே சுவரொட்டி.

அன்புடன்,
அத்தையின் மருமகள்

———

வணக்கம் தங்கச்சி.

நான் யாழ்ப்பாணத்தில் மருத்துவராக இருக்கிறேன். இங்கே பள்ளிப் புத்தகத்திலேயே ஈரல்தான், அதனால் எனக்கு அந்தப் பாதியில் பிரச்சினை இல்லை. உயிரணுவை நாங்கள் கலம் என்போம். அது வேறு இழைக்கான சண்டை, இப்போது வேண்டாம்.

கலக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. முழுக்கத் தெளியும் என்று நீங்கள் எழுதினால் அது உண்மைக்குக் கொஞ்சம் கூடுதல். இந்த இழையைத் தொடங்கியவர் சொல்லோடு சேர்த்துக் கேட்டது, முற்றிய ஈரல்நோய் மூளையின் கட்டமைப்பை என்ன செய்கிறது என்றும்தான்.

வாயிற்சிரை இரத்தம் சுற்றி வரும்போது அம்மோனியா மட்டும் வருவதில்லை, மாங்கனீசும் வரும். அதை வெளியேற்றுவது பித்தநீர். ஈரல் கெட்டால் அது போக வழியில்லை. அது மூளையின் ஆழத்தில் வெளிர்கோளம் என்ற கருவில் போய்த் தங்கும். எம்ஆர்ஐயின் டி1 படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஒளிரும். சிரோசிஸ்காரர்களில் இது மிகச் சாதாரணமாகக் காணும் படம். படம் எவ்வளவு ஒளிர்கிறதோ அவ்வளவு கலக்கம் என்று கணக்குப் போட முடியாது; நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவரின் படமும் ஒளிரும். ஈரல் மாற்றிய பிறகு மாதக்கணக்கில், சில வேளை ஒரு வருடம் போல் எடுத்து, அது மங்கி மறையும்.

ஆனால் எல்லோருக்கும் எல்லாம் மறைவதில்லை. திரும்பத் திரும்பக் கலங்கியவர்களிலே சிலருக்கு நினைவும் கவனமும் பழைய இடத்துக்கு வருவதில்லை. மூளைப் புறணி மெலிந்திருப்பதைப் படங்களில் காண்கிறார்கள். குடித்தவர்களில் அது கூடுதல், ஏனென்றால் மதுவே தனியாக மூளையைச் சுருக்கும். அரிதாகச் சிலர் பார்க்கின்சன் நோயாளி போல நடை இறுகி, வாய் கோணி, தள்ளாடி வருவார்கள். 1965இல் விக்டர், ஆடம்ஸ், கோல் என்ற மருத்துவர்கள் மூவரும் விரிவாக எழுதியது அதைத்தான். வில்சன் நோய் இல்லாமலே ஈரலால் வரும் சிதைவு. லாக்டுலோஸுக்கு அது அசையாது. அதற்கும் கலக்கம் என்றே சொல்வீர்களா?

கைகள் பற்றி ஒரு கேள்வியும் வைக்கிறேன். கையை முன்னே நீட்டி, பொலிஸ்காரர் வாகனத்தை மறிப்பதுபோல் மணிக்கட்டை நிமிர்த்தச் சொல்வோம். கலக்கம் இருந்தால் கை சட்டென்று விழும், உடனே எழும்பும், மறுபடி விழும். இதை 'நடுக்கம்' என்று எழுதினால் பிழை. தசை நடுங்குவதில்லை, நிமிர்த்திப் பிடித்திருக்கும் விசை ஒரு கணம் அறுந்துபோகிறது. தமிழ்ச்சொல் இருக்கிறதா?

———

அக்காவுக்கு வணக்கம்.

நீங்கள் எழுதியதை இரவு மாமாவிடம் படித்துக் காட்டினேன். 'அப்ப ஒவ்வொரு தடவையும் கலங்க விடக்கூடாதுங்கறாங்க' என்றார். கையேட்டுக்கு வேண்டிய வரியை அவரே சொல்லிவிட்டார்.

நீங்கள் சொன்ன திருத்தம் முழுக்கச் சரி. முழுக்கத் தெளியும் என்று தோன்றும்படி நான் எழுதியதை எடுத்துவிடுகிறேன். குளம் கலங்கித் தெளியும்போது அடியில் வண்டல் படியும். பலமுறை கலங்கினால் குளம் மேடாகும். அதனால் மூன்று சொற்களைப் பிரித்து வைக்கலாம். தெளியக்கூடியது ஈரல்சார் மூளைக்கலக்கம். வெளிர்கோளத்தில் தங்குவது மாங்கனீசுப் படிவு. படிவு என்பதால் நோயும் இல்லை, நிரந்தரமும் இல்லை, படத்தில் தெரியும் ஒரு அடையாளம், அவ்வளவுதான். விக்டர், ஆடம்ஸ், கோல் எழுதிய அந்த அரிய நிலைக்கு மட்டும் ஈரல்வழி மூளைச்சிதைவு. சிதைவு என்ற சொல்லை வெறுக்கவில்லை நான், அதற்கு உரிய நோயாளிக்கே அது போய்ச் சேரவேண்டும் என்கிறேன். 'சார்', 'வழி' என்ற வேறுபாட்டை வேண்டுமென்றே வைத்தேன், வேகமாகப் படிப்பவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடாமல் இருக்க.

தனிமடலில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: 'கலக்கிட்டான், கலக்கல்' என்றால் இன்று பாராட்டு, பிள்ளைகள் வேறு மாதிரி எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று. நியாயமான கேள்வி. ஆனால் கலக்கல் வேறு, கலக்கம் வேறு என்பது அந்தப் பிள்ளைகளின் காதுக்கே தெரியும். 'அம்மா கலக்கமா இருக்காங்க' என்று கேட்டு எந்தப் பிள்ளையும் கைதட்டாது. மனக்கலக்கத்தோடு ஒட்டிக்கொள்ளுமே என்பதுதான் எனக்கும் இருந்த பயம். அதற்காகத்தான் மூளை முன்னால் நிற்கிறது. கவலையால் வருவது மனக்கலக்கம், ஈரலால் வருவது மூளைக்கலக்கம் என்று கையேட்டில் ஒரு வரி வைத்துவிடலாம்.

அத்தையின் கோலம் தப்பிய அந்த முதல் கட்டத்துக்கும் பெயர் வேண்டும். பேச்சில் தெரியாது, சோதனையில் மட்டும் தெரியும்; வண்டி ஓட்டுகிறவராக இருந்தால் சாலையில் தெரியும். அதற்கு உள்ளுறை மூளைக்கலக்கம், பேச்சிலும் நடத்தையிலும் தெரிய வந்துவிட்டால் வெளிப்படை மூளைக்கலக்கம். உள்ளுறையும் வெளிப்படையும் நம் இலக்கணக்காரர்கள் செய்யுளுக்கு வைத்திருந்த சொற்கள்தான். பாட்டில் மேலே தெரியாமல் உள்ளே கிடப்பது உள்ளுறை. இங்கேயும் அதே வேலையைத்தான் செய்கிறது. சிரோசிஸ் உள்ளவர்களில் 30 முதல் 40 சதவீதம் பேருக்கு என்றாவது ஒருநாள் வெளிப்படையாகவே வருகிறது என்னும்போது, உள்ளுறையாக இருக்கும்போதே பிடிப்பதற்கு வீட்டில் பழகிய ஒரு சொல் இருக்கட்டும்.

அப்புறம் அந்தக் கை. இதற்கான ஆங்கிலச் சொல்லே இப்படி ஒரு பேச்சில் பிறந்ததுதான். 1940களின் கடைசியில் பாஸ்டனில் ரேமண்ட் ஆடம்சும் ஜோசப் ஃபோலியும் இந்த ஆட்டத்தைக் கவனித்தார்கள், பெயர் இல்லை. ஃபோலி கிரேக்கம் படித்த ஒரு இயேசு சபைப் பாதிரியாரைத் தேடிப்போய்க் கேட்டு, 'நிலையாகப் பிடிக்க முடியாமை' என்ற பொருளில் ஆஸ்டெரிக்சிஸ் என்ற சொல்லோடு திரும்பினார். நீங்கள் சொன்னதும் அதே பொருள்: நடுக்கம் இல்லை, பிடிப்பு அறுவது. இதற்குச் சிறகடிப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். பார்வைக்கு அழகு, ஆனால் சிறகடிப்பதில் பறவைக்கு வலு இருக்கிறது. இங்கே வலுதான் விட்டுப்போகிறது. என் மனதில் இருப்பது தொய்வாட்டம். கொடிக்கயிறு தொய்வதுபோல் கை தொய்கிறது, பிறகு இழுத்துப் பிடிக்கிறது, மறுபடி தொய்கிறது. நேற்று அத்தையைக் கை நீட்டச் சொல்லி, 'கை தொய்யுதா பாருங்க' என்று மாமாவிடம் சொன்னேன். விளக்கம் கேட்காமல் சரியான இடத்தைப் பார்த்தார், மணிக்கட்டை. தொய்யவில்லை.

ஆனாலும் ஒரு தயக்கம் இருக்கிறது. ஆட்டம் என்ற பின்பாதி மறுபடியும் நடுக்கத்தின் பக்கம் இழுக்கிறதோ என்று. கைத்தொய்வு என்று சுருக்கினால், விழுந்து எழும்புவது போய், விழுந்தது மட்டும் மிஞ்சுகிறது. பக்கவாதம் என்று நினைத்துவிடுவார்கள். கையேடு அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது. ஈரல்சார் மூளைக்கலக்கத்துக்கு வேறு மறுப்பு இல்லையென்றால் அதை உள்ளே வைத்துவிடுகிறேன். தொய்வாட்டத்துக்கு நல்ல மாற்று யாரிடமாவது இருந்தால் அடுத்த வெள்ளிக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
அத்தையின் மருமகள்